பெட்டி தூக்கிய பாடகர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு பதிப்பில் பாடகர் ஃபிரெடி மெர்குரி பற்றி வந்த கட்டுரை, 1970இல் அவருடைய குவீன் ராக் இசைக்குழு தொடங்கியதிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. அதற்கு முந்தைய 24 வருடத்தை அப்படியே விட்டுவிட்டீர்களே!

1946இல் கிழக்கு ஆப்பிரிக்கத் தீவான சான்சிபாரில் பிறந்த பார்சிப் பிள்ளை அவர். இயற்பெயர் ஃபரோக் புல்சாரா. சின்ன வயதிலேயே மராட்டிய மலையூரான பஞ்ச்கனியில் விடுதிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். பள்ளி நாள்களிலேயே ‘ஹெக்டிக்ஸ்’ குழுவில் பியானோ வாசித்தார்.

1964இல் சான்சிபாரில் புரட்சி வெடிக்க, குடும்பம் இங்கிலாந்து போனது. அங்கே ஹீத்ரோ விமான நிலையத்தில் கொஞ்ச காலம் பெட்டி தூக்கினார். இதை நினைத்தாலே எனக்கு முதுகு வலிக்கும். நான் பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் 19 வருடம் அதே வேலை பார்த்தவன். நைலான் கயிறு கட்டிய பெட்டியைத் தூக்கினால் விரலில் சிவப்புக் கோடு விழும். இரவில் கித்தார் பிடித்தால் எரியும். (எனக்குப் பாட்டு வரவில்லை, அது வேறு கதை.)

அப்புறம் லண்டன் கென்சிங்டன் சந்தையில் குவீன் டிரம்மர் ரோஜர் டெய்லரோடு பழைய துணி விற்றார். குவீனின் சின்னத்தை வரைந்ததும் ஃபிரெடிதான். கலைக் கல்லூரிப் படிப்பு வீண்போகவில்லை.

அடுத்த முறை பஞ்ச்கனிக்காவது இரண்டு வரி ஒதுக்குங்கள்.

ஓய்வுபெற்ற விமான நிலையத் தொழிலாளி,
ஜெலுத்தோங், பினாங்கு