வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டையில் நம் வட்டத்தின் பொங்கல் விழா, கொடியேற்றம், சரஸ்வதி பூஜை எல்லாம் வழக்கம்போல நடந்தன. மழையால் சில மாதக் கூட்டங்கள் நடக்கவில்லை.

பிள்ளைகள் பிரிவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வாசகர் வட்டத்தில் பூனைக்கு என்ன வேலை என்று சிலர் டீக்கடையில் கேட்டார்களாம். கூட்டத்துக்கு வந்து கேட்டிருந்தால் அங்கேயே பதில் சொல்லியிருப்பேன். பிள்ளைகள் இந்த ஆண்டு படித்தது காட்டுப்பூனைக் கூட்டங்களின் ஆங்கிலக் கதைகள். அதில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு மருத்துவப் பூனை உண்டு. ரத்தம் நிற்கச் சிலந்தி வலை, புண் சீழ் பிடிக்காமல் இருக்கச் சாமந்தி போன்ற மேரிகோல்டின் இலை, வலி மறந்து தூங்கக் கசகசா, உண்ணி விழ எலியின் பித்தநீர் என்று அதற்கு எல்லாம் அத்துப்படி. குளிர்காலத்தில் சளி முற்றிவிட்டால் கேட்மின்ட் என்ற புதினா வகைச் செடியைத் தேடி மனிதர்களின் தோட்டத்துக்குள்ளேயே நுழைந்துவிடும்.

இதெல்லாம் நம்ம ஊரில் எங்கே இருக்கு என்று பிள்ளைகள் கேட்டதில் ஆரம்பித்ததுதான் மூலிகைச் சார்ட். பெரியவர்கள் சிலர் கூட வந்து வேலியோரத்திலும் காலி மனையிலும் காட்டிக் கொடுத்தார்கள்: வெட்டுக்காயத்துக்கு வெட்டுக்காயப் பூண்டு, எலும்புக்குப் பிரண்டை, சொறி சிரங்குக்குக் குப்பைமேனி. குப்பைமேனி வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனை வந்து முகர்ந்து புரளும், கேட்மின்டுக்கு மயங்குவது போலவே. பூனைவணங்கி என்று அதற்கு ஒரு பெயரே இருக்கிறது. பக்கத்துத் தெருப் பூனை செய்து காட்டியபோது பிள்ளைகள் போட்ட சத்தத்தை வராதவர்கள் கேட்டிருக்க வேண்டும்.

அடிபட்ட குட்டி ஒன்றுக்குக் கசகசா அரைத்துக் கொடுக்க ஒரு பையன் கிளம்பிவிட்டான். தடுத்து, குட்டியை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினோம். அதற்குப் பிறகு எழுதியதுதான் சிவப்பு எழுத்துச் சார்ட். கதைப் பூனைக்கு ஆகிறது தெருப் பூனைக்கு ஆகாது. மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் நொதி ஒன்று பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு, அதனால் நாம் காய்ச்சலுக்குப் போடுகிற ஒரு பாராசிட்டமால் மாத்திரையே அதைக் கொன்றுவிடலாம். லில்லி மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும். இதைப் பிள்ளைகள் வீடு வீடாகப் போய்ச் சொன்னார்கள். இதுவும் வாசிப்பின் வேலைதான் என்பது என் உறுதியான எண்ணம்.

வரவு செலவு ஏறக்குறைய சரிக்குச் சரி, நோட்டு பொருளாளரிடம் உள்ளது. சார்ட், பெயின்ட் செலவு நன்கொடையில் முடிந்தது, சந்தாவிலிருந்து எடுக்கவில்லை. எடுக்கவும் அதில் ஒன்றும் இல்லை, பாதிப் பேருக்கு மேல் பாக்கி. கையெழுத்துப் போட மட்டும் வருகிறவர்கள் அந்தப் பேனாவோடு சந்தாவையும் கொண்டுவரலாம்.

அறை கொடுத்த வீட்டுக்காரருக்கும், செடி காட்டிய பெரியவர்களுக்கும், டீ கொடுத்த கடைக்காரருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு மாடியில் தொட்டிகள் வைத்து இந்த மூலிகைகளை வளர்க்க ஆசை. செயலாளர் பொறுப்பை வேறு யாராவது எடுத்தாலும் மகிழ்ச்சியே, தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இருந்தால் போதும். பாக்கி வந்தால் தொட்டி வாங்கலாம். வராவிட்டால் எந்த நாளிதழை நிறுத்துவது என்பதைத்தான் பொதுக்குழுவில் பேச வேண்டியிருக்கும்.