கொள்ளிடக் கரைக்கு முழுக்கத் தார் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கொள்ளிடத்தின் இரண்டு கரைகளுக்கும் முழுக்கத் தார் போட வேண்டும் என்று ஒரு வாசகர் எழுதிய கடிதத்தைச் சென்ற வாரம் வெளியிட்டிருந்தீர்கள். அவர் சொன்னதில் பாதி நியாயம்தான். படுகையில் குடியிருப்பவர்களுக்குக் கரையை விட்டால் வேறு வழியே இல்லாத இடங்கள் இருக்கின்றன. ஐப்பசி அடைமழையில் ஆம்புலன்ஸ் கரையேற முடியாமல் கீழே நிற்க, நோயாளியைக் கட்டிலோடு தூக்கி வருவதைப் பார்த்தவர்கள் யாரும் அங்கே சாலை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். அந்த இடங்களுக்குப் போடட்டும், நாளைக்கே போடட்டும். ஆனால் கல்லணையில் தொடங்கி அணைக்கரை வரை ஒரே மூச்சாகத் தார் என்றால் எனக்குச் சம்மதமில்லை. அதிலும் கொஞ்சம் தள்ளி பஸ் ஓடும் சாலை கூடவே வருகிற இடங்களில், கரை மேல் இன்னொன்று யாருக்காக?

நான் சைக்கிள் ஓட்டுகிறவன். அதைச் சொல்லிவிட்டே பேசுகிறேன், இல்லாவிட்டால் இவனுக்கு இதில் என்ன லாபம் என்று கேட்பீர்கள். திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் பக்கமெல்லாம் இப்போது கிராவல் பைக் வாங்கி ஓட்டுகிறவர்களைப் பார்க்க முடிகிறது. ரேஸ் சைக்கிளில் இருப்பது போன்ற வளைந்த ஹேண்டில், ஆனால் டயர் ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் அகலம், காற்றும் குறைவாகத்தான் அடிப்பார்கள். ரேஸ் சைக்கிள் டயரில் 90, 100 பி.எஸ்.ஐ. என்று கல்லாக ஏற்றுவார்கள், இதில் 30, 40 போதும். டயர் கொஞ்சம் அமுங்கிக் கொடுப்பதால் சரளை மேல் போனாலும் முதுகு தப்பிக்கும். விலையைச் சொன்னால் வீட்டில் சண்டை வரும், அது வேறு விஷயம். ஆனால் இந்தக் கரையில் ஓட்ட அவ்வளவு விலைக்கு வண்டி தேவையே இல்லை. பால்காரர் கேன் மாட்டிக்கொண்டு போகிற கருப்பு சைக்கிளின் டயர் 28க்கு 1½ அங்குலம், அதுவும் 40 மில்லிமீட்டருக்குப் பக்கம்தான். மதகு திறக்கவும் கரையைப் பார்க்கவும் வந்த லஸ்கர்கள் அந்த வண்டியில்தான் காலம் முழுக்க இந்தக் கரைகளில் போனார்கள். நாங்கள் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை, பளபளப்பான வண்டியில் போகிறோம், அவ்வளவுதான்.

வடகரையில் அன்பில் தாண்டிக் கிழக்கே திருமழபாடி பக்கமாகப் போய்ப் பாருங்கள். இடது கைப்பக்கம் வாழையும் கரும்பும் நெல்லும், வலது கைப்பக்கம் நாணல், அதற்கப்புறம் கண்ணுக்கு எட்டிய தூரம் மணல், நடுவில் எங்கோ ஒரு கோடாகத் தண்ணீர். வெள்ளம் வந்தால்தான் கொள்ளிடம் ஆறு, மற்ற நாளில் அது மணல்வெளி. மார்கழி, தை மாதத்துக் காலையில் ஹாரன் சத்தம் என்பதே காதில் விழாது. டயருக்கடியில் சரளை நெறிபடும் சத்தமும், தூரத்தில் வாத்து மேய்க்கிறவரின் குரலும்தான். கரைச் சரிவில் மணல் கொஞ்சம் செங்குத்தாக வெட்டுப்பட்ட இடங்களில் பஞ்சுருட்டான் குருவி பொந்து போட்டிருக்கும், வண்டியை நிறுத்திவிட்டுச் சும்மா நின்றால் உள்ளே போவதையும் வருவதையும் பார்க்கலாம். சுகமாக இருக்கும் என்று மட்டும் சொல்லி ஏமாற்ற மாட்டேன். நெருஞ்சியும் சீமைக்கருவேல முள்ளும் டயரைக் குத்திக் கிழிக்கும், பஞ்சர் ஒட்டக் கடை கிடையாது, பசையும் பம்பும் கையில் இருக்க வேண்டும். ஆற்று மணலைக் கொட்டி மேடு நிரப்பிய இடத்தில் சக்கரம் புதைந்து இறங்கித் தள்ள வேண்டியதுதான். களி அதிகமாகக் கலந்த மண் போட்ட இடத்தில் ஒரு தூறல் போட்டாலே சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் சேறு அடைத்துக்கொண்டு வண்டி நகராது. அளவாகக் களி சேர்ந்த நல்ல செங்கிராவலைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, நடு மேடாகவும் ஓரம் சரிவாகவும் ரோலர் ஓட்டிய இடம் இருக்கிறதே, அது மழை விட்ட மறுநாளே காய்ந்து விடுகிறது. சைக்கிளும் போகும், டிராக்டரும் போகும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் அரசு கொடுத்த சைக்கிளில் இரண்டு பேராகவும் போவார்கள்.

தார் போட்டால் என்ன ஆகும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு துண்டுக்கு ஏற்கெனவே போட்டார்கள். முதல் ஆறு மாதம் எல்லோருக்கும் சந்தோஷம். அப்புறம் மெயின் ரோட்டில் செக்கிங்குக்குப் பயந்த டிப்பர் லாரிகள் இதைக் குறுக்குவழியாகப் பிடித்துக்கொண்டன, அதுவும் ராத்திரியில். நடைப்பயிற்சிக்குப் போனவர்கள் போவதை நிறுத்திவிட்டார்கள். சாலையின் ஓரம் மழையில் அரித்து அரித்து, இப்போது தார் மட்டும் பலகை நீட்டினாற்போல அந்தரத்தில் நிற்கிறது, அடியில் மண் இல்லை. யார் போட்டார்கள், எந்தத் துறை என்றெல்லாம் இங்கே எழுத விரும்பவில்லை, அவர்களுக்கே தெரியும். அறுவடை முடிந்தால் அதே தாரில் பாதி அகலத்துக்கு நெல்லும் உளுந்தும் காய்கிறது, மீதியில் லாரிக்கும் சைக்கிளுக்கும் போட்டி. (நெல் காயவைக்கிறவர்களைக் குறை சொல்லவில்லை, களம் இல்லாத ஊரில் அவர்கள் என்ன செய்வார்கள்.)

இன்னொன்றும் இருக்கிறது, சைக்கிளை விட இதுதான் பெரிய விஷயம். கரை என்பது முதலில் வெள்ளத்தைத் தடுக்க, சாலை அப்புறம்தான். 1924 வெள்ளத்தைப் பற்றித் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டவர்கள் இந்தப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். மண் கரை ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும், கொஞ்சம் உட்காரும். எலி வளை, நண்டு வளை, கரையான், பட்டுப்போன மரத்தின் வேர் என்று அதற்கு எதிரிகள் நிறைய, அவற்றை லஸ்கர் நடந்து பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். மேலே தாரைப் போட்டு மூடிவிட்டு டிப்பர் பாரத்தை ஏற்றினால், உள்ளே குடைந்திருப்பது தெரிவது கரை உள்வாங்கிய பிறகுதான். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடத்துக் கதவணையின் 9 மதகுகள் அடித்துக்கொண்டு போனபோது பாறாங்கல்லையும் மணல் மூட்டையையும் லாரியில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டியிருந்தது, நினைவிருக்கும். அதனால் அவசரத்துக்கு லாரி போகிற அளவுக்கு அகலமும் உறுதியும் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அது நன்றாக இறுக்கிய கிராவலிலேயே கிடைக்கும்.

ஆற்றோரப் பாதையைக் காப்பாற்றப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவது ஒன்றும் வீண் வேலை இல்லை. அமெரிக்காவில் போடோமாக் நதியை ஒட்டிப் போகும் செசபீக் - ஒஹாயோ கால்வாய் என்று ஒன்று உண்டு. கோவேறு கழுதைகள் கரையில் நடந்து படகை இழுத்த காலத்துக் கால்வாய், அதுவும் 1924 வெள்ளத்தோடுதான் மூடப்பட்டது. பிறகு அந்தக் கரையில் கார் போகச் சாலை போடத் திட்டம் வந்தபோது வாஷிங்டன் போஸ்ட் அதை ஆதரித்துத் தலையங்கம் எழுதியது. 1954 ஜனவரியில் வில்லியம் டக்ளஸ் என்ற உச்ச நீதிமன்ற நீதிபதி ஆசிரியருக்குக் கடிதம் போட்டார், என்னோடு நடந்து வந்து பாருங்கள், அப்புறம் எழுதுங்கள் என்று. போனார்கள். மார்ச்சில் 8 நாளில் ஏறத்தாழ 300 கிலோமீட்டர், பாதியில் விட்டவர்கள் நிறையப் பேர், ஆனால் பத்திரிகை தன் நிலையை மாற்றிக்கொண்டது. 1971இல் அந்தக் கால்வாய் தேசிய வரலாற்றுப் பூங்கா ஆனது. இன்றைக்கு அந்த மண் பாதையிலும், அதோடு சேரும் பழைய ரயில் தடத்துச் சரளைப் பாதையிலுமாக வாஷிங்டனிலிருந்து பிட்ஸ்பர்க் வரை 530 கிலோமீட்டருக்கு மேல் சைக்கிளிலேயே போகிறார்கள், வழியில் உள்ள சின்ன ஊர்களில் சாப்பிடுகிறார்கள், தங்குகிறார்கள். நமக்கு இங்கே கல்லணை இருக்கிறது, அன்பில், கோவிலடி, திருமழபாடி என்று கோயில்கள் இருக்கின்றன, ஆனால் சைக்கிளில் வருகிறவன் குடிக்க ஒரு டீக்கடை தேடிக் கரையை விட்டு இறங்க வேண்டியிருக்கிறது. நான் நீதிபதி இல்லை, உங்களை 300 கிலோமீட்டர் நடக்கச் சொல்லவும் மாட்டேன். உங்கள் நிருபர் ஒருவரைத் தை மாதத்தில் ஒரு காலை அனுப்புங்கள், சைக்கிள் நான் தருகிறேன்.

கேட்பது இவ்வளவுதான். மாற்றுச் சாலை இருக்கும் இடத்தில் கரையைக் கிராவலாகவே விட்டு, வருஷத்துக்கு ஒருமுறை மட்டம் பார்த்து ரோலர் ஓட்டுங்கள். பெரிய வண்டி ஏறும் வாயில்களில் பூட்டு போட்ட குறுக்குக் கம்பி வையுங்கள், பக்கத்தில் சைக்கிளும் ஆடுமாடும் போகிற அளவுக்கு இடைவெளி விட்டு. அறுவடை மெஷினும் டிராக்டரும் போக வேண்டுமே என்பார்கள், சரி, சாவி ஒன்று லஸ்கரிடமும் இன்னொன்று ஊராட்சியிலும் இருக்கட்டும். ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறப்பதற்குள் எப்படியும் தூர் வாருகிற வேலையும் கரை வேலையும் நடக்கின்றன. கம்பிக்கும் ரோலருக்கும் ஆகிற செலவை அந்த மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடலாம், தனியாக ஒரு திட்டம் அறிவித்துக் கல்வெட்டு வைக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
லால்குடி வாசகர் ஒருவர்