சேற்றுக்கு எதற்கு ஆராய்ச்சி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் அயர்லாந்துப் பயணக் கட்டுரையில், 'தோண்டித் தீர்த்த சேற்றை என்ன செய்யலாம் என்று ஆராயக்கூடப் பணம் ஒதுக்குகிறார்கள், பணக்கார நாடு!' என்று ஒரு வரி. ரசித்தேன். பதினேழு வருடமாக அந்தச் சேற்றோரம், ஆஃபலியில் டல்லமோர் பக்கம்தான் குடியிருக்கிறேன். கட்டுரையாளர் இந்த வழியாகக் காரில் போயிருக்கிறார். கண்ணாடியை இறக்கியதாகத் தெரியவில்லை.

பீட் என்பது சதுப்பில் செடிகொடிகள் முழுதாக மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்து, வருடத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளரும் பொருள். இரண்டு மீட்டர் கனத்துக்கு 2,000 வருடம். அதை அடுப்புக்கும் மின் நிலையத்துக்கும் தோட்டத் தொட்டிகளுக்குமாக வாரி முடிக்க இரண்டு தலைமுறை போதுமாக இருந்தது. 1946-ல் தொடங்கிய அரசு பீட் நிறுவனமான போர்ட் ந மோனா, இனி பீட் எடுப்பதில்லை என்று 2021-ல் அறிவித்தது. அதன் கையில் மட்டும் ஏறக்குறைய 80,000 ஹெக்டேர் நிலம் இருக்கிறது. அதை 'சேறு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம்தான். எழுதுகிறவருக்கு வேலை மிச்சம்.

என் பக்கத்து வீட்டுப் பெரியவர் பாகில் இயந்திரம் ஓட்டியவர். (சதுப்பை இங்கே 'பாக்' என்றுதான் சொல்வார்கள்.) சுரண்டிச் சுரண்டி அடிமட்டம் நெருங்கும்போது, ஆயிரக்கணக்கான வருடம் புதைந்து கிடந்த பைன் மர வேர்கள் தலைகாட்டும். அவர் வீட்டு வாசலில் அப்படி ஒரு வேர் இன்னும் கிடக்கிறது, தேய்த்த வெண்கலம் மாதிரி. "வேர் வந்துவிட்டால் முடிந்தது, அடுத்த பாகுக்குப் போவோம். இங்கே பிறகு என்ன என்று எங்களிடம் யாரும் சொன்னதில்லை" என்பார். ஆராய்ச்சி எதற்கு என்றால் அதற்குத்தான், ஐயா.

பீட் எடுக்க வெட்டிய வடிகால் வாய்க்காலை அடைத்துத் தண்ணீரைத் தேக்கினால் போதாதா என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள், உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் கட்டுரையாளருக்காகச் சொல்கிறேன். ஒரு பாகில் அரை மீட்டர் பீட் மிஞ்சியிருக்கும். அடுத்ததில் சுண்ணாம்புக் களிமண்ணே மேலே வந்திருக்கும். முன்னதில் பீட்டை உண்டாக்கும் ஸ்பேக்னம் பாசி திரும்பி வர வாய்ப்புண்டு, பின்னதில் நாணல்தான் வரும். தண்ணீர் குறைந்தால் பீட் காற்றுப் பட்டுக் கரியமில வாயுவாகப் போகும், கூடினால் மீத்தேன். சில இடங்களில் தண்ணீர் இறைக்கும் பம்பை நிறுத்தினால் ஏரியே உண்டாகிவிடும். முன்பு ஊசியிலை மரங்களை நட்டுப் பார்த்தார்கள். பல இடங்களில் பின்பனி கருக்கியது, உரச்சத்தும் போதவில்லை. யோசிக்காமல் நட்டதன் செலவு யோசிப்பதன் செலவைவிடக் கம்மி என்று உங்கள் கட்டுரையாளர் நினைக்கிறாரோ என்னவோ.

கட்டுரையில் அவர் கணக்குச் சொல்லிக் கிண்டலடித்த 10.8 கோடி யூரோ ஆராய்ச்சிக்கான பணமே இல்லை. அது 33,000 ஹெக்டேரில் வாய்க்கால் அடைத்து நிலத்தை மறுபடி நனைக்கிற வேலைக்கு ஐரோப்பிய ஒன்றியம் வழியாக வந்தது.

உச்சம் என்ன தெரியுமா? அதே பக்கத்தில், 'மனம் மயக்கும் இயற்கை ஏரி' என்று நீங்கள் போட்டிருக்கும் வண்ணப்படம் லாஃப் பூராவில் எடுத்தது. தோண்டித் தீர்த்த அதே சேற்றின் மேல் மனிதர்கள் உண்டாக்கிய ஏரி அது. படத்தின் ஓரத்தில் வளைந்து நிற்கிற ரயில், பீட் ஏற்றிய பழைய வண்டிகளைக் கொண்டு செய்த சிற்பம். இயற்கை ஏரிக்கரையில் ரயில் எப்படி முளைத்தது என்று அச்சுக்கு அனுப்பும் முன் ஒருவருக்குமா தோன்றவில்லை?

எனக்கு இது புதிதில்லை. நான்கு வருடம் முன் பீட் எரித்து ஓடிய ஷானன்பிரிட்ஜ், லேன்ஸ்பரோ மின் நிலையங்கள் 2020 டிசம்பரில் மூடியது பற்றி நாலு பத்தி எழுதி அனுப்பினேன். இரண்டு வரியாக்கி, 'அயர்லாந்தில் குளிர் அதிகம்' என்று தலைப்பு வைத்துப் போட்டீர்கள். சந்தா கட்டியும் இதழ் இரண்டு மாதம் கழித்துத்தான் வருகிறது. அதைக்கூட நான் ஒருநாளும் எழுதிக் கேட்டதில்லை.

இப்போது கேட்பது இவ்வளவுதான். அடுத்த இதழில் எங்காவது ஒரு மூலையில், அந்தப் படத்தின் குறிப்பிலிருந்து 'இயற்கை' என்ற சொல்லை எடுத்துவிட்டதாக ஒரு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர் ஒருவர்,
டல்லமோர், அயர்லாந்து