வெடிச்சத்தத்துக்கு அடுத்த வரியும் கேட்க வேண்டும்: திரையரங்கு உரிமையாளர்களுக்கும் ஆபரேட்டர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

தியேட்டர் ஒலி, புரொஜெக்‌ஷன் வேலை தெரிந்த சிலர் சேர்ந்து தமிழ்நாட்டுத் திரையரங்கு உரிமையாளர்களுக்கும் ஆபரேட்டர்களுக்கும் எழுதும் மடல் இது. தலைதெறிக்க ஓடும் ஆக்‌ஷனும் அவல நகைச்சுவையும் கலந்து வரும் த்ரில்லர்களைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. வெறும் சண்டைப் படத்தில் ஒரு வசனம் கேட்காமல் போனாலும் கதை நகர்ந்துவிடும். இந்த வகைப் படத்தில் சிரிப்பே அந்த வசனத்தில்தான் இருக்கிறது. துப்பாக்கி வெடித்து ஓய்ந்த மறுநொடி, குண்டடிபட்டவன் வாய்க்குள் ஒரு வரி முணுமுணுப்பான். அது காதில் விழாவிட்டால் மிஞ்சுவது ரத்தம் மட்டுமே. பழி இயக்குநர் தலையில் விழும்.

நடப்பது இதுதான். யாரோ ஒருவர் எழுந்து வந்து சத்தம் தாங்கவில்லை என்கிறார். உடனே ஃபேடர், அதாவது ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழ், 7-லிருந்து 5-க்கு இறங்குகிறது. அரங்கின் ஒலியைக் கையாளும் டால்பி பிராசஸரில் 4-க்கு மேல் ஒவ்வொரு எண்ணும் ஏறத்தாழ 3.3 டெசிபெல். ஆக, ஆறரை டெசிபெலுக்கு மேல் போயிற்று. வெடிச்சத்தம் அப்போதும் கேட்கும். முணுமுணுப்பு ஏ.சி. இரைச்சலில் கரைந்துவிடும்.

காது வலிக்கக் காரணம் பல இடங்களில் ஃபேடர் அல்ல. ‘எஃபெக்ட்’ வேண்டுமென்று அடி ஒலிக்கான சப்வூஃபரையும், சுவர்களில் உள்ள சரவுண்டு ஸ்பீக்கர்களையும் ஏற்றி வைத்திருப்பார்கள். அந்த அதிர்வு ஆண்குரலின் அடித்தளத்தை மூடிவிடும். திரைக்குப் பின்னால் நடு ஸ்பீக்கரின் ஹார்ன் டிரைவரில் (மேல் ஸ்தாயி ஒலியைத் தரும் பகுதி) டயாஃப்ரம் என்ற அதிரும் தகடு போயிருந்தால் ச, ஸ, ஷ எல்லாம் மழுங்கி, போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் வசனம் வரும். ஆம்ப் (ஒலிபெருக்கிக் கருவி) தன் சக்திக்கு மீறி ஓடி கிளிப் ஆகிக்கொண்டிருந்தாலும் ஒலி முள்ளாகக் குத்தும். படத்துக்கு முன் ஓடும் விளம்பரங்களின் இரைச்சலுக்காகப் படத்தின் ஒலியைக் குறைப்பதும் உண்டு. விளம்பரத்துக்கென்று பிளேலிஸ்ட்டில் தனி ஃபேடர் கியூ (ஒலியளவைத் தானாக மாற்றும் கட்டளை) போட்டால் அந்தத் தொல்லை அங்கேயே முடிந்தது.

கடைசிக் காட்சி முடிந்ததும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஃபேடரை 7-இல் வைத்து பிராசஸரின் பிங்க் நாய்ஸை (சோதனைக்கான சீரான இரைச்சல்) ஒவ்வொரு சேனலாக அனுப்புங்கள். ஒலி மீட்டர் ‘சி’ வெயிட்டிங் என்ற அளவீட்டு முறையில், மெதுவாக நகரும் ‘ஸ்லோ’வில் இருக்கட்டும். திரையிலிருந்து அரங்கின் மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில், உட்கார்ந்தவரின் காது உயரத்தில் பிடியுங்கள். இடது, நடு, வலது தலா 85 டெசிபெல், 5.1 அரங்கில் சரவுண்டு இரண்டும் தலா 82. சப்பை மட்டும் மீட்டரை நம்பி வைக்காதீர்கள். ஒலியை அலைவரிசை வாரியாகக் காட்டும் ஆர்.டி.ஏ. கருவியில் பார்த்து, அதன் அலைவரிசைக்குள் நடு சேனலைவிட 10 டெசிபெல் மேலே நிற்க வையுங்கள். நடு சேனல் ஓடும்போதே திரைக்குப் பின்னால் போய் ஹார்னில் காதை வைத்துப் பாருங்கள். ‘ஸ்ஸ்’ என்ற மேல் ஸ்தாயி இல்லையென்றால் டயாஃப்ரத்தை மாற்றியே ஆக வேண்டும். ஈக்வலைசரை ஏற்றி ஒப்பேற்ற முடியாது.

அடுத்தது வெளிச்சம். இவ்வகைப் படங்களில் துரத்தல் பாதி இரவில்தான், ஒரு ஷாட் இரண்டு நொடிகூட நிற்காது. மங்கலான திரையில் யார் யாரை அடித்தார் என்று கண் தேடுவதற்குள் காட்சி போய்விடும். வெள்ளைத் திரையின் நடுவில் 14 ஃபுட்-லாம்பர்ட் (திரை வெளிச்சத்தின் அலகு) வர வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது, 2டி படம் ஓடும்போது 3டி ஃபில்டர் லென்ஸுக்கு முன்னாலேயே நிற்கிறதா என்பது. வெளிச்சத்தில் பாதிக்கு மேல் தின்றுவிடும், கண்ணாடி போடாத ரசிகருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. பிறகு புரொஜெக்டருக்கும் அரங்குக்கும் நடுவிலுள்ள போர்ட் கண்ணாடியின் தூசி, அதன் பிறகு புரொஜெக்டரின் செனான் விளக்கு ஓடிய மணிக்கணக்கு. உத்தரவாத நேரம் தாண்டிய விளக்கு மங்குவதோடு வெடிக்கவும் கூடும்.

இடைவேளை இல்லாமல் எடுத்த வெளிமொழிப் படங்களை எங்கே நிறுத்துவது என்பதைக் கடிகாரம் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நகைச்சுவைக்கு முடிச்சு போட்டு அவிழ்ப்பதற்குள் நிறுத்தினால் இரண்டும் பாழ். நடுப்பகுதியின் பத்து நிமிடத்தை ஒருமுறை ஓட்டிப் பார்த்து, இசை ஓய்ந்து இடம் மாறும் வெட்டில் நிறுத்துங்கள். மறுபடி தொடங்கும்போது விளக்கு முழுக்க அணைந்த பிறகே படம் ஓடட்டும்.

டிக்கெட் கவுன்டருக்கும் இரண்டு வேலை உண்டு. ‘காமெடி’ என்று நம்பிக் குழந்தைகளோடு வருபவர்களிடம் ‘ஏ’ சான்றிதழை அங்கேயே சொல்லிவிட வேண்டும். வேகமாக மின்னி அணையும் ஒளி படத்தில் இருந்தால் பெரிய எழுத்தில் அறிவிப்பு வையுங்கள். நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னும் ஒளி, அதற்குக் கூருணர்வு உள்ள வலிப்பு நோயாளிகளுக்கு ஆபத்து.

கே.டி.எம். (பூட்டிய டிஜிட்டல் படத்தைத் திறக்கும் சாவிக் கோப்பு) திறக்கும் நேரத்துக்கு முன் படத்தை ஓட்டிப் பார்க்க முடியாது என்பது எங்களுக்கும் தெரியும். பிங்க் நாய்ஸுக்கும் வெள்ளைத் திரைக்கும் கே.டி.எம். தேவையில்லை. படம் வெளியாகும் வாரத்தின் புதன் இரவே அந்த இரண்டையும் முடித்து, அளவுகளைத் தேதியோடு புரொஜெக்‌ஷன் அறைச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.