பார் லைப்ரரியின் மேல் அடுக்கில் இருக்கும் மலேசியச் சட்டம்: ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு வழக்கறிஞர் சங்கங்களின் நூலகப் பொறுப்பாளர்களுக்கும், சட்டக் கல்லூரி நூலகர்களுக்கும்,

வணக்கம். நான் மாவட்ட நீதிமன்றத்தில் சிவில் வழக்கு நடத்துகிறவன். பெரிய கோரிக்கை எதுவும் இல்லை. நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டுக் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன்.

போன வருஷம் செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். மலேசியாவின் ஈப்போ நகரில் கடை வைத்திருந்த மகன் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். மருமகளும் இரண்டு பிள்ளைகளும் அங்கேதான். "வக்கீல் தம்பி, பெத்தவளுக்கு அதுல ஒண்ணும் கிடையாதாமே, நெசமா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேள்வி.

நம் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தாய் முதல் வகுப்பு வாரிசு, மனைவி, பிள்ளைகளோடு அவருக்கும் பங்கு உண்டு, யோசிக்கவே வேண்டாம். ஆனால் கடைக் கட்டடம் இருப்பது மலேசியாவில். அசையாச் சொத்துக்கு அது இருக்கிற ஊர்ச் சட்டம்தான். ஜூனியர் பார் லைப்ரரிக்குப் போய், மேல் அடுக்கிலிருந்து பைண்டிங் பிரிந்த ஒரு புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்துவந்தார். மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு, தாய்க்கு எதுவும் இல்லை என்று அதில் தெளிவாக இருந்தது. 'ஆமாம்மா, நெசம்தான்' என்று சொல்லி அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

புத்தகத்தில் பிழை இல்லை. அது அச்சான காலத்துக்கு அது சரி. முஸ்லிம் அல்லாதவர்களுக்கான மலேசியாவின் 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் 1997இல் திருத்தப்பட்டது. வாழ்க்கைத் துணை (கணவனோ மனைவியோ), பிள்ளைகள், பெற்றோர் மூன்று தரப்பும் இருந்தால் துணைக்குக் கால், பிள்ளைகளுக்கு அரை, பெற்றோருக்குக் கால் என்று மாறிவிட்டது. அந்த நாட்டு அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் இணையதளத்தில் சட்டம் முழுதாக, இலவசமாகக் கிடைக்கிறது. தேடி எடுக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கால் பங்கு என்று சொன்னதும் அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பேரப் பிள்ளைகளுக்கே எழுதிக் கொடுத்திடறேன், ஆனா இருக்குன்னு தெரியணும்ல" என்றார்.

இதில் எனக்கு உறுத்துவது ஒன்று. அதே லைப்ரரியில் வருஷா வருஷம் சந்தா கட்டி ஒரு சட்டத் தரவுத்தளம் வாங்குகிறோம். வெளிநாட்டுச் சட்டம் வேண்டுமென்றால் தனிக் கட்டணம் என்றார்கள், கட்டவில்லை, சரி. ஆனால் கட்டணமே இல்லாத இடங்கள் இத்தனை இருக்கின்றன என்று சொல்ல அங்கே ஒரு தாள்கூட ஒட்டவில்லை.

'நெட்டில் எடுத்ததைக் கோர்ட் ஏற்குமா?' என்று மூத்தவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வெளிநாட்டுச் சட்டம் நம் நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டிய ஒரு சங்கதி. நிபுணர் கருத்து ஒரு வழி. இன்னொரு வழி, அந்த நாட்டு அரசின் அதிகாரத்தின்கீழ் வெளியான சட்டப் புத்தகம். பழைய சாட்சியச் சட்டத்தின் 38ஆவது பிரிவு புத்தகத்தோடு நின்றது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 32ஆவது பிரிவு, மின்னணு வடிவில் வெளியானதையும் சேர்த்துக்கொண்டது. அதனால்தான் யாரோ ஒருவரின் வலைப்பக்கத்தில் இருக்கும் சட்ட வாசகத்துக்கும் அரசுத் தளத்தில் இருக்கும் அதே வாசகத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஜூனியர்களுக்கு முதலில் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அரசுத் தளத்தில் தொடங்கு, மற்றதெல்லாம் அப்புறம்.

நம் கட்சிக்காரர்களுக்கு அடிக்கடி தேவைப்படும் நாடுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. சிங்கப்பூர்ச் சட்டங்கள் 'சிங்கப்பூர் ஸ்டாட்யூட்ஸ் ஆன்லைன்' என்ற அரசுத் தளத்தில் இருக்கின்றன. ஒரு பிரிவு முன்பு எப்படி இருந்தது என்றும் பார்க்கலாம். பிரிட்டனின் அரசுச் சட்டத் தளத்திலும் இந்த வசதி உண்டு. இன்னும் சேர்க்காத திருத்தம் இருந்தால் பக்கத்தின் மேலேயே எச்சரிக்கை வரும். பலர் அதைப் படிக்காமல் கீழே இறங்கிவிடுகிறார்கள். இங்கிலாந்து, வேல்ஸ் தீர்ப்புகளை 2022 ஏப்ரல் முதல் அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகமே வெளியிடுகிறது. இலங்கைக்கு 'காமன்லி' என்ற காமன்வெல்த் தொகுப்பு உதவும். ஆனால் அங்கே கிடைக்கும் சட்டம் எந்த வருஷத்து நிலவரம் என்று பார்த்தே ஆகவேண்டும்; இல்லாவிட்டால் ஈப்போ கதைதான் திரும்ப நடக்கும்.

இந்த இலவசத் தொகுப்புகளுக்கு ஒரு குடும்ப மரபு உண்டு. 1992இல் அமெரிக்காவின் கார்னெல் சட்டக் கல்லூரியில் தொடங்கியது. 1995இல் ஆஸ்திரேலியாவில் இரண்டு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 'ஆஸ்ட்லி'யை ஆரம்பித்தன. பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் 'பெய்லி', தென்னாப்பிரிக்காவுக்கு 'சாஃப்லி', பசிபிக் தீவுகளுக்கு 'பேக்லி' என்று வரிசையாக வந்தன. கனடாவின் 'கேன்லி'யை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். நம் பார் கவுன்சிலைப் போன்ற அமைப்புகளின் கூட்டமைப்பு உருவாக்கியது அது. வழக்கறிஞர்கள் கட்டும் கட்டணத்தில்தான் ஓடுகிறது, பொதுமக்களுக்கும் இலவசம். வக்காலத்தில் வழக்கறிஞர் சேமநல நிதி முத்திரையை ஒட்டும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும்.

ஒரு சூட்சுமம் இருக்கிறது. 'தேடினேன் சார், எதுவும் வரலை' என்று ஜூனியர் சொன்னால், கூகுளில் தேடியிருப்பார். பெய்லி, ஆஸ்ட்லி, கேன்லி மூன்றும் வழக்குத் தரப்பினரின் அந்தரங்கத்தைக் கருதி, தீர்ப்புகளைப் பொதுத் தேடுபொறிகளுக்குத் திறந்துவிடுவதில்லை. தளத்துக்குள் போய், அங்கே இருக்கும் பெட்டியில்தான் தேட வேண்டும். இது ஒன்றைத் தெரிந்துகொள்ளவே எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று.

அமெரிக்கா தனிக் கடல். கூட்டாட்சி நீதிமன்ற ஆவணங்களை அரசே பக்கத்துக்குப் பத்து சென்ட் வாங்கிக்கொண்டு தருகிறது. அதை ஓரளவு தவிர்க்க 'கோர்ட்லிசனர்' என்ற இலவசத் தளம் இருக்கிறது. ஹார்வர்ட் சட்ட நூலகம் தன் அடுக்குகளிலிருந்த தீர்ப்புத் தொகுதிகளை ஸ்கேன் செய்து, 60 லட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகளைத் திறந்துவிட்டிருக்கிறது.

நம் வீட்டையும் சொல்லவேண்டும். 2008இல் வந்த 'இந்தியன் கானூன்' என்ற இலவசத் தீர்ப்புத் தேடல் தளம் இல்லாமல் இன்று எந்த ஜூனியராவது இருக்கிறாரா? 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தன் அதிகாரபூர்வத் தீர்ப்புத் தொகுப்பை இலவசமாக்கியது. இருந்தும் ஒரு நூலகத்தில் தீர்ப்பைப் பிரின்ட் எடுக்கக் கேட்டபோது 'காப்பிரைட் பிரச்சினை வரும்' என்று மறுத்தார்கள். காப்புரிமைச் சட்டத்தின் 52(1)(க்யூ) பிரிவே தீர்ப்புகளை மறுபதிப்புச் செய்ய விடுகிறது, நீதிமன்றம் தடுத்திருந்தால் ஒழிய. பதிப்பகம் தீர்ப்பின் தலையில் எழுதிச் சேர்த்த ஹெட்நோட் என்ற சுருக்கக் குறிப்பு வேறு விஷயம்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் செயற்கை நுண்ணறிவு. வழி தெரியாத பிள்ளை அதைத்தான் கேட்கும்; அதுவும் தயங்காமல் ஒரு சைட்டேஷன், அதாவது மேற்கோள் காட்ட ஒரு தீர்ப்பின் பெயரும் எண்ணும், கொடுக்கும். 2023இல் நியூயார்க்கில் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய தீர்ப்புகளைத் தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. தீர்ப்பு உண்மையில் இருக்கிறதா என்று ஓர் இலவசத் தளத்தில் பார்க்க ஐந்து நிமிஷம் போதும். எந்தத் தளம் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எனவே நான் கேட்பது: நாடு வாரியாக அரசுத் தளம் எது, தீர்ப்புத் தளம் எது, கடைசியாக எப்போது சரிபார்த்தோம் என்ற தேதி, இவை இருக்கும் ஒரே ஒரு தாள். லைப்ரரிக் கம்ப்யூட்டருக்கு மேலே சுவரில் ஒட்டுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருத்துங்கள். கல்லூரிகளில் நான்காம் ஆண்டிலாவது அரை நாள் வகுப்பு வையுங்கள். மாணவர்களே தேடிப் பார்க்கட்டும். மேல் அடுக்குப் புத்தகங்களை எறிய வேண்டாம், பழைய வழக்குக்குப் பழைய சட்டமும் வேண்டும். அட்டையில் 'இந்த ஆண்டு வரை' என்று ஒரு சீட்டு ஒட்டினால் போதும்.

முதல் தாளை நான் தயாரித்து வைத்திருக்கிறேன். ஏழு நாடுகள், இரண்டு பக்கம். ஏதாவது ஒரு சனிக்கிழமை மதியம் கூப்பிட்டால் எடுத்துக்கொண்டு வருகிறேன். ஒரு கம்ப்யூட்டரும் நெட்டும் இருந்தால் சரி.

இப்படிக்கு,
ஒரு மாவட்ட நீதிமன்ற வழக்கறிஞர்