எல்லா பைக்கிலும் பொருத்தலாம் என்றீர்கள்

அனுப்புநர்: பத்திரிகை முகவர், மூணாறு, இடுக்கி மாவட்டம்.
பெறுநர்: குறைதீர் அலுவலர், சூடேற்றும் உடைகள் விற்பனைப் பிரிவு.
பொருள்: ஜாக்கெட்டால் இறங்கிய பேட்டரி, கையுறையால் வந்த கொப்புளம்.

ஐயா,

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வாடிக்கையாளர் சேவையில் பேசியவர், "கேரளத்தில் எதற்கு இந்த ஜாக்கெட்?" என்று சிரித்தார். தென்னை மரமும் படகும் நினைவுக்கு வந்திருக்கும். மூணாறு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரியில் செண்டுவாரை, லெட்சுமி எஸ்டேட் பக்கம் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படியும், தேயிலை கருகும். அந்த மாதத்திலும் பேப்பர் போயாக வேண்டும். போடிமெட்டு ஏறி வரும் கட்டுகளைப் பிரித்து, விடியற்காலை நாலரை மணிக்குக் கிளம்பி, மாட்டுப்பெட்டி, குண்டளை, எல்லப்பட்டி என்று, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு லயம் லயமாகப் போட்டு வருவது என் தொழில். இத்தனை வருடமும் இரண்டு ஸ்வெட்டர், அவற்றுக்கு நடுவே மார்பை மூடி மடித்து வைத்த பழைய பேப்பர். காற்றை அது நன்றாகவே தடுக்கும். பேப்பர்காரனுக்கு இலவசமாகக் கிடைப்பதும் அது ஒன்றுதான்.

இந்த வருடம் மகள் வற்புறுத்தியதால் 14,800 ரூபாய் கொடுத்து, பைக் பேட்டரியில் ஒயர் கோத்துச் சூடேற்றும் உங்கள் ஜாக்கெட்டும், அதோடு வரும் சூடேற்றும் கையுறையும் அடங்கிய செட்டை வாங்கினேன். நல்லதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. முதல் நாள் முதுகில் சூடு பரவியபோது, அடுப்படியில் சாய்ந்து உட்கார்ந்தது போல இருந்தது. தேநீருக்குக் கூட வண்டியை நிறுத்தவில்லை. ஸ்வெட்டருக்கு மேல் போடச் சொல்கிறது உங்கள் கையேடு. அப்படிப் போட்டால் சூடு உடம்புக்கு வராமல் காற்றோடு போகிறது. மெல்லிய சட்டைக்கு மேல் இதைப் போட்டு, இதற்கு மேல் காற்றுப் புகாத கோட்டு அணிய வேண்டும் என்பதை நானே கண்டுபிடித்தேன்.

முதல் இரண்டு நாள் குறைந்த சூட்டில் ஓட்டினேன். மூன்றாம் நாள் பனி கடுமையாக இருந்ததால் முழுச் சூட்டில் வைத்தேன். குண்டளையில் ஒரு லயத்தில் பேப்பர் கொடுத்துவிட்டுத் திரும்பினால் செல்ஃப் எடுக்கவில்லை. கிக்கருக்கும் வண்டி மசியவில்லை. இரண்டு தோட்டத் தொழிலாளர்கள் இறக்கத்தில் தள்ளிவிட, செகண்ட் கியரில் போட்டுக் கிளப்பினேன். எல்லப்பட்டிக்காரர்களுக்கு அன்று காலைச் செய்தி மதியம்தான் கிடைத்தது.

டவுனில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் மீட்டர் வைத்துப் பார்த்தார். ஜாக்கெட் முழுச் சூட்டில் 6.5 ஆம்பியர் இழுக்கிறது. அதாவது ஏறத்தாழ 80 வாட். என்னுடையது 125 சிசி வண்டி. மலையில் மெதுவாக ஏறும்போது அதன் மேக்னெட் காயில் தரும் மின்சாரத்தில், எஞ்சினுக்கும் விளக்குக்கும் போக மிஞ்சுவது மூன்று ஆம்பியர் இருந்தால் அதிகம். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த இருசக்கர வண்டிகளில் முகப்பு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும்; அதை அணைத்து மிச்சம் பிடிக்கவும் வழியில்லை. ஆக, குறைகிற மூன்றரை ஆம்பியரைப் பேட்டரிதான் கொடுக்கிறது. அது 5 ஆம்பியர்-மணி பேட்டரி; ஓர் ஆம்பியர் வீதம் எடுத்தால் ஐந்து மணி நேரம் வரும். ஒன்றரை மணி நேரம்கூடத் தாங்காது. இந்தக் கணக்குப் போட ஒரே ஒரு எண் போதும்: ஜாக்கெட் எத்தனை வாட் என்பது. உங்கள் பெட்டியில் அது எங்கேயும் இல்லை. "எல்லா பைக்கிலும் பொருத்தலாம்" என்ற வரி மட்டும் மூன்று இடத்தில் இருக்கிறது.

பேட்டரிக்குப் போகும் ஒயரில் ஃபியூஸும் இல்லை. சீட்டுக்கு அடியில் எங்காவது உரசி ஷார்ட் ஆனால் எரிவது ஒயர்தான். எலக்ட்ரீஷியன் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்தில் 10 ஆம்பியர் ஃபியூஸ் போட்டார். சாவியைத் திருப்பினால்தான் ஜாக்கெட்டுக்கு மின்சாரம் போகும்படி ஒரு ரிலேவும் வைத்தார். கூலியோடு 650 ரூபாய்.

இனி கையுறை. இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஜாக்கெட் 12 வோல்ட். கையுறையோ சிறு பேட்டரியில் ஓடும் 7.4 வோல்ட் வகை. அந்த எண் கையுறையின் உள்பக்கத் துணியில், கண்ணாடி போட்டாலும் படிக்கச் சிரமமான எழுத்தில் இருக்கிறது. பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறதே என்று கேட்டதற்கு, செட்டோடு வந்த இணைப்பு ஒயரில் ஜாக்கெட் கையோடு சேர்க்கச் சொன்னார் உங்கள் ஆள். சேர்த்தேன். வண்டி ஓடும்போது அந்த ஒயரில் 14 வோல்ட் வரும். வோல்டேஜ் இரட்டித்தால் சூடு இரட்டிக்காது, நான்கு மடங்காகும். 7.4 இருக்க வேண்டிய இடத்தில் 14 என்றால் மூன்றரை மடங்கு. மாட்டுப்பெட்டி அணை தாண்டும்போது துணி கருகும் நாற்றம் வந்தது. ஒரு கையால் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு மறு கையுறையைப் பல்லால் கடித்து உருவினேன். வலது நடுவிரலில் கொப்புளம். வளைவில் எதிரே ஒரு ஜீப் வந்திருந்தால் இந்தக் கடிதத்தை மகள் எழுதியிருப்பாள்.

செட்டின் முழு விலையும், எலக்ட்ரீஷியன் கூலியும், மருந்துச் செலவு 240 ரூபாயும் எனக்கு வர வேண்டும். அதோடு, அந்த இணைப்பு ஒயரை வாங்கிய மற்றவர்களுக்கும் உடனே தகவல் அனுப்புங்கள். பணத்துக்குச் சில நாள் பொறுப்பேன். இதற்குப் பொறுக்க மாட்டேன்.

2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்தில் தீர்வு சொல்ல வேண்டும். தவறினால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். உங்கள் ஊருக்கு நான் வர வேண்டியதில்லை. நீங்கள்தான் மலையேற வேண்டியிருக்கும். ஜனவரியில் வந்தால் ஜாக்கெட் எடுத்து வாருங்கள்.

கருகிய கையுறையை அனுப்பவில்லை. அது என் ஆதாரம். படமும் ரசீதும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பத்திரிகை முகவர், மூணாறு.