சேகருக்கு, சக்கரம் தேய்க்கும் பிரஷ்கள் பற்றி

கோயம்புத்தூர்

அன்புள்ள சேகர்,

உன் கடிதமும் காரின் படங்களும் கிடைத்தன. இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முட்டிவலி பழையபடியே இருக்கிறது, பழையபடியே அவர் அதைப் பொருட்படுத்துவதில்லை. பொங்கலுக்கு வராததற்கான திட்டை நேரில் வாங்கிக்கொள்கிறேன். இப்போது உடனே எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உன் படங்களில் ஒன்று. டைமண்ட் கட் அலாய் வீலுக்குப் பக்கத்தில், வாசற்படியில், பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் கிடக்கிறது. அது அங்கே எதற்கு என்று நான் கேட்க வேண்டியதில்லை. விடுதியில் எவர்சில்வர் டம்ளரை மணல் போட்டுத் தேய்த்து, வார்டனுக்கே முகம் தெரியும்படி ஆக்கிய கை உன்னுடையது.

அந்த நாரைத் தயவுசெய்து சமையலறைக்கே அனுப்பிவிடு. அதன் இழைகளில் அரைக்கும் தூள் ஒட்டியிருக்கிறது. அடிப்பிடித்த சட்டிக்கு அதுதான் வேண்டும். உன் வீலிலோ, அலுமினியத்தின் முகத்தை லேத்தில் சீவிப் பளபளப்பாக்கி, அதன்மேல் நிறமற்ற கிளியர் கோட்டை மெல்லியதாகப் பூசியிருக்கிறார்கள். நீ தேய்க்கப்போவது அலுமினியத்தை அல்ல, அந்தப் பூச்சைத்தான். அது ஓரிடத்தில் கிழிந்தால் போதும். தூத்துக்குடியின் உப்புக்காற்றும் ஈரமும் உள்ளே புகுந்து, பூச்சுக்கு அடியிலேயே வெள்ளை வெள்ளையாகக் கோடு இழுத்துக்கொண்டு ஊர்ந்து போகும். அதன்பின் எந்தப் பிரஷும் உதவாது. பூச்சை முழுவதும் உரித்து, மறுபடி லேத்தில் சீவி, மறுபடி பூச வேண்டும். ஒவ்வொரு முறை சீவும்போதும் உலோகம் கொஞ்சம் குறைவதால், அதையும் நினைத்தபோதெல்லாம் செய்துகொண்டிருக்க முடியாது.

முன் சக்கரங்கள் மட்டும் கறுக்கின்றனவே, பிரேக்கில் கோளாறோ என்று கேட்டிருக்கிறாய். கோளாறு இல்லை. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்வதால், நிறுத்தும் வேலையில் பெரும்பங்கை முன் சக்கரங்களே செய்கின்றன. அங்கே சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிஸ்க் திறந்தபடி இருக்கிறது. பின்னால் உள்ள மூடிய டிரம் பிரேக் தன் தூளைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது. முன் சக்கரங்கள் இரண்டில் ஒன்று மட்டும் அதிகமாகக் கறுத்தால்தான் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். பிரேக் பேடுகளை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பர் விடுபடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம். அந்தக் கறுப்பு வெறும் சாலைப்புழுதி அல்ல. பிரேக் பேடும் வார்ப்பிரும்பு டிஸ்க்கும் தேய்ந்து, சூட்டோடு தெறித்து வந்து ஒட்டும் தூள் அது. அதில் இருக்கும் இரும்பு ஈரம் பட்டுத் துருப்பிடித்து இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது. ஆகவே உலர்ந்த சக்கரத்தை எந்தப் பிரஷால் தொட்டாலும், அந்த இரும்புத்தூளைக் கொண்டே வீலை அரைத்ததாகத்தான் ஆகும். சக்கரம் நன்றாக ஆறிய பிறகு, நிழலில், முதலில் தண்ணீரை வேகமாக அடித்து உதிர்வதை உதிர்த்துவிட்டு, ஷாம்பு நீரில் ஊறவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

இனி பிரஷ்கள். ஒரே பிரஷை வாங்கி எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று உன் மைத்துனர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அவர் சொல்லைக் கேட்டுக் குளிர்சாதனப் பெட்டி வாங்கிய கதையை நான் மறக்கவில்லை. வீலின் முகத்துக்குப் பன்றிமுடி பிரஷோ, நுனி பிளந்து மெத்தென்று இருக்கும் செயற்கை இழை பிரஷோ போதும். கைப்பிடியில் தகரப்பட்டை இருக்கக் கூடாது. பெயின்டர் பிரஷைத்தான் பயன்படுத்துவேன் என்று நீ அடம்பிடித்தால், அந்தத் தகரத்தின் மேல் இன்சுலேஷன் டேப்பையாவது சுற்றிக்கொள். மென்மையைக் கடைக்காரரின் பேச்சை வைத்து முடிவு செய்யாதே. நீ சேர்த்து வைத்து யாருக்கும் தராத பாட்டு சி.டி.க்களில் ஒன்றைத் தியாகம் செய்து, அதன் பளபளப்பான பக்கத்தில் பிரஷை ஈரத்தோடு தேய்த்துப் பார். அங்கே கோடு விழாவிட்டால் வீலிலும் விழாது என்று நம்பலாம்.

ரிம்மின் உட்புறந்தான் பிரஷைச் சோதிக்கும் இடம். ஸ்போக்குகளுக்கு இடையே கையை விட்டுத் துணியால் துடைப்பது நடக்காத காரியம், விரல் கிழியும். நீளமான, வளையும் பிரஷ் வேண்டும். கடைகளில் மலிவாகக் கிடைப்பது முறுக்குக் கம்பியைச் சுற்றி இழை செருகிய பிரஷ், அதாவது குழந்தைகளின் பால்புட்டி கழுவும் பிரஷின் பெரிய உருவம். அது உள்ளே போய்த் தேய்க்கும்போது கம்பியின் நடுப்பகுதி ஸ்போக்கின் ஓரத்தில் உரசிக்கொண்டே இருக்கும். நுனியில் ரப்பர் மூடி இல்லையென்றால் அதுவும் உள்ளே கீறும். பிளாஸ்டிக் தண்டின்மேல் கம்பளி போன்ற இழையோ மைக்ரோஃபைபரோ போர்த்திய பிரஷ்கள் விலை கூடியவை. ஆனாலும் அவற்றையே வாங்கு என்பேன். உட்புறத்தில், சக்கரம் ஆடாமல் சுழல வைக்கும் சிறு உலோகத் துண்டுகள், பேலன்சிங் வெயிட்டுகள், ஒட்டியிருக்கும்; அழுக்கென்று நினைத்து அவற்றைக் கிளறி எடுத்துவிடாதே, ஸ்டீயரிங் நடுங்கும்.

நட்டுக் குழிகளுக்கு ஒடுக்கமான சிறு பிரஷ் ஒன்று போதும்; தேய்ந்துபோன மென்மையான டூத் பிரஷ்கூட அங்கே செல்லும். டயருக்கு மட்டும் விறைப்பான நைலான் பிரஷ். அது ரிம்மைத் தொடவே கூடாது என்பதால், வேறு நிறத்தில் வாங்கி வேறு ஆணியில் மாட்டு. தென்னை நார் வேண்டாம். அது மணலை வாங்கி வைத்துக்கொண்டு விடாது. சக்கரத்துக்குத் தனி வாளி, தனித் துணி. அந்தத் துணி வண்டியின் கதவுப்பக்கம் போகவே கூடாது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, பேசாமல் வாட்டர் வாஷுக்கே விட்டுவிடுகிறேன் என்று நீ சொல்வாய் என்பதால் இதையும் எழுதுகிறேன். போன மாதம் இங்கே ஓர் இடத்தில் வரிசையில் நின்றிருந்தபோது, பதினெட்டு வயதுகூட நிரம்பியிராத ஒரு பையன், பெயரே ஒட்டாத பாட்டிலில் இருந்து எதையோ எடுத்து வெறுங்கையால் வீல்களில் தடவிக்கொண்டிருந்தான். ஆசிட் என்றான், சர்வசாதாரணமாக. வீல்கள் கணத்தில் வெளுத்தன. பூச்சு இல்லாத அலுமினியத்தை அமிலம் மங்கச் செய்துவிடும் என்பதெல்லாம் அந்த நேரத்தில் எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. வீல் கழுவும் அமிலக் கலவைகள் சிலவற்றில் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலமோ, அதைத் தரும் உப்போ கலந்திருப்பது உண்டு. நீர்த்த நிலையில் அது தோலில் பட்ட உடனே எரியாமல் போகலாம். மணிக்கணக்கில் கழித்துத்தான் வலி தெரியும். அதற்குள் அது ஆழமாக இறங்கி உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தப் பாட்டிலில் என்ன இருந்தது என்று அந்தப் பையனுக்கும் தெரியவில்லை, முதலாளிக்கும் தெரியவில்லை. கையுறை கொடுங்கள் என்று சொன்னேன், சிரித்தார். எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அதனால் அமிலம் உன் வீட்டுப்பக்கமே வர வேண்டாம். ஷாம்புவுக்கும் அசையாத புள்ளிகளுக்கு, ஒட்டிய இரும்புத்தூளைக் கரைக்கும், அமிலமல்லாத அயர்ன் ரிமூவர் கிடைக்கிறது. தெளித்ததும் இரும்போடு சேர்ந்து ஊதா நிறமாக வழியும். நாற்றம் அழுகிய முட்டையை நினைவுபடுத்தும், அண்ணி விரட்டினால் நான் பொறுப்பல்ல. அதையும் கையுறை போட்டுக்கொண்டு, சூடில்லாத வீலில், உலர்வதற்குள் கழுவிவிட வேண்டும். ஒவ்வொரு வாரமும் தேவைப்படாது. கழுவி முடித்ததும் துணியால் ஒற்றி எடு. உங்கள் போர் தண்ணீர் தானாக உலர்ந்தால் வெள்ளைப் புள்ளி வைக்கும். பிறகு தெருவில் ஒரு சுற்று ஓட்டி, மெதுவாகப் பிரேக் பிடித்து டிஸ்க்கை உலர்த்து. டிஸ்க்கில் செந்துருப் படலம் தெரிந்தால் பதறாதே, ஓட்டும்போது போய்விடும்.

பிரஷ்களை இங்கேயே வாங்கி, வேலு அடுத்த வாரம் வரும்போது கொடுத்தனுப்புகிறேன். அதற்கு முன் ஒரு வேலை செய். முன் சக்கரத்தில் காலிப்பருக்கும் ரிம்மின் உட்பக்கத்துக்கும் இடையே உள்ள சந்து எத்தனை விரல் அகலம் என்று பார்த்து எழுது. வண்டி ஆறிய பிறகு பார். டிஸ்க்கில் சுட்டுக்கொண்டு என்னைத் திட்டாதே. அந்த அளவு தெரியாமல் உட்புறப் பிரஷ் வாங்கினால் பருமன் பொருந்தாது. பணத்தை அனுப்பாதே, வாங்க மாட்டேன்.

அண்ணிக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு.

உன்,
ரவி